விடுதலையின் பாலும் உன் வயிறும்

அன்புள்ள தம்பி,

நேற்று மத்தியானம் செல்வி போன் செய்தாள். இதைப் படித்ததும் அவளிடம் போய், எங்கம்மாவிடம் ஏன் சொன்னாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவள் கோள் சொல்லவில்லை, அழுதாள். கயலுக்கு நாலு வயசு முடிந்ததிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் பால் குடித்தே ஆகவேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறாயாம். குழந்தை வாயை மூடிக்கொண்டால் மூக்கைப் பிடித்து ஊற்றுகிறாயாம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. வேனிலேயே ஒரு நாள் ஆகிவிட்டது, மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், அதனால் இப்போது பள்ளிக்கூடமே வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். கொஞ்ச நாள் பாலை நிறுத்திப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியும் நீ கேட்கவில்லை. "எங்கப்பா எனக்காகப் போராடி வாங்கிக் கொடுத்த பால் இது. எம்பொண்ணு வேணாம்னு சொல்லக் கூடாது" என்றாயாம். இதைப் போனில் பேசலாம் என்றால் நீ நடுவில் புகுந்து புகுந்து பேசுவாய், அது உன் அப்பா வழி. காகிதத்துக்கு நடுவில் யாரும் புக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உன் அப்பா போய் இரண்டாவது வருஷத் திவசமும் வரப்போகிறது. திவசம் என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார், நினைவுநாள் என்று வைத்துக்கொள். அவர் இருந்தவரை எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரர் யாராக இருந்தாலும், ஒரு கதை சொல்வார். "மிராசுதார் வீட்டுக் கூடத்துலயே உக்காந்து எம்மவன் பால் குடிச்சான். அதுவும் அவரு கையால வாங்கி." கதை அங்கேயே நின்றுவிடும். கேட்டவர்கள் தலையை ஆட்டுவார்கள், நீயும் மார்பை நிமிர்த்திக்கொள்வாய். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை, மனுஷன் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் கதைக்கு வால் ஒட்டுவானேன் என்று விட்டுவிட்டேன். ஆனால் கயல் வயிற்றைவிட அந்தக் கதை எனக்குப் பெரிதில்லை. அவர் உயிரோடு இருந்தாலும் இன்றைக்குச் சொல்லியிருப்பேன், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

நீ பிறந்தபோது நாம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருந்த ஊரில் இருந்தோம். ஆட்சி மாறிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. குடியிருக்கிற மனை இனி நமக்கே என்று ரேடியோ சொன்னது, ரேடியோ சொல்வது ஊர் வந்து சேர ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதைவிட நாளாகும். அதை இழுத்துக்கொண்டு வருவதுதான் உன் அப்பாவுக்கும் அவருடைய கூலியாட்கள் சங்கத்துக்கும் வேலை. அவருடைய அப்பா, உன் தாத்தா, அதே மிராசுதார் வீட்டுப் பண்ணையில் ஆளாக இருந்தவர். ஒரு நாள் காய்ச்சலில் வேலைக்குப் பிந்திப் போனதற்காக அவரைக் களத்தில் உட்காரவைத்து, வாயைப் பிடித்துச் சாணிப்பால் ஊற்றினார்கள். மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவதுதான் அந்தக் காலத்துத் தண்டனை. உன் அப்பா சிறு பிள்ளையாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றைக்கே, எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இதே ஊரில் அவனைப் பசும்பால் குடிக்க வைப்பேன் என்று முடிவு கட்டிவிட்டார். நீ பிறந்து மூன்று வயசானபோது சங்கத்தார் அலைந்து திரிந்து கூட்டுறவில் நமக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் கொடுத்தார்கள். சாமி பெயர் வைக்க மாட்டேன் என்று அதற்கு விடுதலை என்று பெயர் வைத்தார். அதனால் தெருவில் தினமும், "விடுதலையைக் கட்டிப் போட்டியாடி?" என்றும் "விடுதலை அடுத்த வயல்ல பூந்துடுச்சு, பத்தி விடுங்க" என்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதுவரைக்கும் நீ என் பாலைக் குடித்தவன். கைக்குழந்தையில் ஒரு மழைக்காலத்தில் உனக்கு வயிற்றுப்போக்கு வந்தது, போக்கு நின்ற பிறகும் கொஞ்ச நாள் நுரைத்துக்கொண்டு போனது. தாய்ப்பாலை நிறுத்து, பால்தான் சேரவில்லை என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை, தானாகச் சரியாகிவிட்டது. போக்குக்குப் பிறகு குடல் புண்ணாகி இருப்பதால் கைக்குழந்தைகளுக்கு அப்படிச் சில வாரம் ஆவது உண்டு, அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்று பிற்பாடு நான் பால்வாடியில் வேலை பார்த்தபோது சொல்லிக் கொடுத்தார்கள். செல்வி மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்பதால் இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது வந்து அவளுக்கு வைத்தியம் சொல்லுவார்கள்.

உன் பிரச்சினை விடுதலை வந்த பிறகு ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை, நாலு வயசு நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே வந்தது. பால் குடித்து அரை மணி, ஒரு மணி நேரம் ஆனதும் உன் வயிற்றுக்குள் மாட்டு வண்டி ஓடும். வயிறு பறை போல விம்மும். முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு படுப்பாய். பிறகு தண்ணீர் தண்ணீராய், புளித்த மாவு வாசனையோடு போகும். பின்பக்கம் செக்கச் செவேலென்று வெந்திருக்கும், கழுவப் போனால் ஊரைக் கூட்டுவாய். காய்ச்சல் கிடையாது. வயிறு காலியானதும் எழுந்து விளையாடப் போய்விடுவாய். நான் வசம்பு உரைத்துக் கொடுத்தேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன். உன் அப்பா ஒவ்வொரு வாரமும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார். முதலில் என் சமையல். அப்புறம் வாய்க்கால் தண்ணீர். அப்புறம் விடுதலை மிராசுதார் வரப்பில் மேய்ந்த புல். கண்ணேறு கண்ணேறு என்று சொல்கிறவர்களை மேடை போட்டுக் கேலி செய்தவர், கடைசியில் மிராசுதார் நம் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே போனார் என்று என் காதில் மெதுவாகச் சொன்னார். பால் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை.

அந்த மார்கழியில் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு மாயவரம் பக்கம் என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அங்கே மாடு இல்லை, பால் இல்லை. காலையில் நீராகாரம், மத்தியானம் மீன் குழம்பு. இரண்டே நாளில் உன் வயிறு அடங்கிவிட்டது. கன்னம்கூடக் கொஞ்சம் வைத்தது. திரும்பி வந்ததும் உன் அப்பா ஆசையாக ஒரு சொம்புப் பாலோடு நின்றார், சாயங்காலம் மாட்டு வண்டி மறுபடி ஓடியது. எனக்கு விளங்கிவிட்டது. அவரிடம் சொன்னேன். அவர் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "கூலிக்காரன் வயித்துக்குக் கஞ்சிதான் தாங்கும், பால் தாங்காதுன்னு அவங்க சொல்லுவாங்க. நீயும் அதையே சொல்றியா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்தை வைத்து உன் துணியைத் துவைக்க முடியவில்லை.

தை பிறந்தது. சம்பா முற்றிச் சாய்ந்துகொண்டு நின்றது. கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டித் தராமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவேன் என்று மிராசுதார் சொன்னார். லாரி வந்தால் என்ன ஆகும் என்று அந்த வருஷங்களில் எல்லோருக்கும் தெரியும், சுற்றுவட்டாரத்தில் வெட்டுக்குத்தும் தீவைப்பும் ஆன ஊர்கள் இருந்தன. அதனால் தாசில்தார் வந்து இரண்டு பக்கத்தையும் மிராசுதார் வீட்டிலேயே உட்கார வைத்தார். நம் ஆட்கள் அந்தக் கூடத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. உன் அப்பா சட்டைக்குக் கஞ்சி போட்டு, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பேச்சுவார்த்தைக்குப் பிள்ளை எதற்கு என்று கேட்டேன். "அவனும் பாக்கட்டும்" என்றார். நாங்கள் பெண்கள் வாசலில் நின்றோம்.

பேச்சு நல்லபடியாகத்தான் போனது. அரை மரக்கால் இல்லை, கால் மரக்கால் என்பதுவரை வந்துவிட்டார்கள். தாசில்தாருக்கு முன்னால் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும் என்று மிராசுதாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எல்லோருக்கும் காபி வரவழைத்தார், உன்னைப் பார்த்து, "பையனுக்குப் பால் கொண்டாங்க" என்றார். ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய, சர்க்கரை போட்டு, வந்தது. அதை அவரே வாங்கி உன்னிடம் நீட்டினார். நான் வாசலிலிருந்து கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், கடைசியில் முந்தானையையே ஆட்டினேன். உன் அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முகம் அன்றைக்கு இருந்ததைப் போல எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை. "முழுசாக் குடி" என்றார். நீ குடித்தாய். நல்ல பிள்ளையாகக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் பால் மீசையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் மிராசுதார் வீட்டு ஜமக்காளத்தைப் பார்த்தேன். நல்ல பவானி ஜமக்காளம், புதுசு.

மேற்கொண்டு விவரிக்க வேண்டாம். ஒரு அரை மணி ஆகியிருக்கும், முதலில் சத்தம் வந்தது. தாசில்தார் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே ஏதோ டிராக்டர் என்று எட்டிப் பார்த்தார். பிறகு ஜமக்காளம் போனது. மிராசுதார் துள்ளி எழுந்தார். "வேணும்னே பண்றீங்களா? எங்கூட்டக் கேவலப்படுத்தணும்னு புள்ளையக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றார். நம் ஆட்களில் ஒருவன் பாய்ந்து, "புள்ளைக்கு என்னத்தக் கலந்து கொடுத்தீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றான். அவ்வளவுதான். கால் மரக்கால், அரை மரக்கால் எல்லாம் பறந்துவிட்டது. நான் உன்னை வாரிக்கொண்டு நம் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து நின்றது. கூடத்தில் "என்னத்தக் கலந்தீங்க" என்று கிளம்பியது, வாய்க்கால் பாலம் தாண்டும்போது "மருந்து" ஆகி, தெருவுக்குள் நுழையும்போது "விஷம்" ஆகிவிட்டது. தாத்தாவுக்குச் சாணிப்பால் ஊற்றிய வீட்டில் பேரனுக்கு விஷப்பால் ஊற்றினார்கள் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? வீட்டுக்கு வீடு கம்பு வெளியே வந்தது. அந்தப் பக்கத்திலும் ஆட்கள் சேர்வதாகச் சொன்னார்கள். ரோட்டு முனையில் போலீஸ் வேன் வந்து நின்றது.

விஷம் குடித்த பிள்ளையான நீ என் இடுப்பிலிருந்து இறங்கி, பழையசோறு வேண்டும் என்று கேட்டாய். கொடுத்தேன். கிண்ணத்தோடு தெரு நடுவில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கம்புகளை வேடிக்கை பார்த்தாய். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஆண்கள் கூடி நின்ற இடத்துக்குப் போய் உரக்கச் சொன்னேன். "யாரும் எதுவும் கலக்கல. பால் குடிச்சா அவனுக்கு வீட்லயும் இதேதான். விடுதலை பாலக் குடிச்சாலும் இதேதான். என் தொவைக்கிற கல்லக் கேளுங்க." கூட்டம் உன் அப்பா பக்கம் திரும்பியது. "என்னண்ணே, அண்ணி சொல்றது நெசமா?" என்று ஒருவன் கேட்டான். தம்பி, உன் அப்பா போலீஸ் அடியில் வாய் திறக்காதவர். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் அவர் நின்ற நிலை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இல்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் ஆள் விழுந்திருக்கும். ஆமாம் என்றால், ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்த அந்தப் பால் அவர் வாயாலேயே கொட்டிப் போகும். வெகுநேரம் உன்னையே பார்த்தார். நீ கிண்ணத்து நீராகாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். "நெசந்தான். எம்மவனுக்குப் பால் ஒத்துக்கல" என்றார்.

பிறகு பின்னால் நின்ற ஒரு பெரிய மீசைக்காரர் கம்பைக் கீழே ஊன்றி, "எனக்குந்தாண்ணே. டீக்கடையில பால் கொஞ்சம் தூக்கலாப் போட்டான்னா ஆத்தங்கரைக்கு ஓட வேண்டியிருக்கு. வெளிய சொல்றதில்ல" என்றார். இன்னொருவன் நானும் என்றான். சங்கத்தில் பாதிப் பேர் வயிறு இப்படி என்று அன்றைக்குத்தான் சங்கத்துக்கே தெரிந்தது. யாரோ சிரித்தார்கள், சிரித்தவன் கையில் கம்பு நிற்காது. மறுநாள் உன் அப்பாவே ஆள் அனுப்பி விஷயத்தைச் சொன்னார், பேச்சு மறுபடி நடந்து அரை மரக்காலே முடிவானது. நான் ஜமக்காளத்தை வாங்கித் துவைத்துத் தரலாம் என்று போனபோது மிராசுதார் மனைவி கொல்லைப்பக்கமாக என்னைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எங்கூட்டுப் பேரனுக்கும் இதே கதைதாண்டி. பாலக் குடிச்சா நிக்காது. நீ உன் புள்ளைக்கு என்ன கொடுக்கிற?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அங்கயுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். அரை மரக்கால் கிடைத்தபோதுகூட அவ்வளவு திருப்தியாக அவர் சாப்பிட்டதில்லை.

ஆனாலும் ஆசை லேசில் விடவில்லை. இரண்டு நாள் கழித்து, கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று மறுபடி டம்ளரோடு உட்கார்ந்தார். நீ வாயை மூடிக்கொண்டாய், அவர் உன் மூக்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். "உங்கப்பாவுக்கும் இப்படித்தானே புடிச்சு ஊத்துனாங்க" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா வாயில் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய் விடுதலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை எந்தப் பிள்ளை வாயிலும் எதையும் பிடித்து ஊற்றியதில்லை, மருந்துகூட நான்தான் கொடுக்கவேண்டும்.

பிறகு உன்னை நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறதாம். அதைச் செரிக்க வைக்கும் சுரப்பு பால்குடிப் பிள்ளைகளுக்கு நிறைய இருக்கும், வளர வளரப் பல பேருக்குக் குறைந்துவிடும், அது நோயே இல்லை, ஏழை பணக்காரன் பார்க்காது என்றார். கடைசி வார்த்தையை உன் அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தயிரும் மோரும் உன் வயிறு தாங்கும், ஏனென்றால் உறை விழும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு கழிந்துவிடும் என்றார். அன்றிலிருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன் தினமும் தானே பாலைக் காய்ச்சி, விரல் விட்டுச் சூடு பார்த்து, உறை ஊற்றினார். என்னைத் தொடவிட மாட்டார். நான் ஊற்றினால் புளித்துவிடுமாம். நீ வளர்ந்தது அந்தத் தயிரில்தான். நீ பால் இல்லாத காபி குடிப்பதைப் பெரிய ரசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், அது ரசனை இல்லை கண்ணா, உன் வயிறு உன்னைவிடப் புத்திசாலி.

ஆகவே டாக்டர் சொன்னபடி கயலுக்கு ஒரு இரண்டு வாரம் பாலை நிறுத்து. நிறுத்துவது என்றால் டப்பாவில் வருகிற அந்தப் பழுப்புப் பால்பொடி, பால்கோவா, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்துத்தான், டம்ளரை மட்டும் ஒளித்துவிட்டுச் சாக்லேட் வாங்கிக் கொடுக்காதே. வயிறு அடங்கினால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார். சிலருக்குச் சோற்றோடு கால் டம்ளர் தாங்கும், சிலருக்கு டீயில் விடுகிற அளவுதான். எலும்பு வளராதே என்று பயப்படாதே. தயிர் இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி இருக்கிறது. நீ ஆறடி வளர்ந்து கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாய், அதற்குமேல் என்ன சாட்சி? ஒன்று மட்டும் கவனி. பால் பட்டதும் உடம்பில் தடிப்போ, முகம் வீங்குவதோ, இழுப்போ வந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், எடை ஏறாமல் போனால், அது வேறு சமாச்சாரம். அப்போது அம்மா எழுதியதைப் படித்துக்கொண்டு உட்காராதே, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

உன் அப்பா மேல் நீ வைத்திருக்கும் மரியாதை எனக்குத் தெரியும். அவர் கதையை நான் கெடுத்துவிட்டேன் என்று உனக்கு இப்போது வருத்தமாக இருக்கும். எனக்கு அவர் அந்தக் கூடத்தில் உனக்குப் பால் கொடுத்ததைவிட, தெரு நடுவில் ஊரே பார்க்க, ஒத்துக்கல என்று சொன்னதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதை அவர் தம் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார், அதனால் நான் சொல்லிவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் உனக்கு மனசு கேட்கவில்லை என்றால் ஒன்று செய். நாளைக் காலையில் கயலுக்கு ஊற்றிவைத்த டம்ளரை நீ எடுத்துக் குடி. முழுசாக, சர்க்கரை போட்டு. குடித்துவிட்டு லீவு போடாமல் உன் ஆபீஸுக்குப் பஸ் ஏறு. உனக்கு ஒத்துக்கொண்டதென்றால் மறுநாளிலிருந்து அவளுக்கும் கொடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா